பிஎல்/எஸ்க்யூஎல் கற்க ஃபாயர்ஸ்டைன் புத்தகம் வாங்கலாமா?

கேட்டவர் இப்போதுதான் ஒரு டேட்டாபேஸ் கோர்ஸ் முடித்து, சென்னையில் ஆரக்கிள் வேலை தேடுகிறார். ஆரக்கிள் என்பது ஒரு டேட்டாபேஸ் மென்பொருள்; அதிலுள்ள டேட்டாவை எடுக்கவும் மாற்றவும் எஸ்க்யூஎல், அதைச் சுற்றிப் புரோகிராம் எழுத பிஎல்/எஸ்க்யூஎல். ஸ்டீவன் ஃபாயர்ஸ்டைன் எழுதிய ‘ஆரக்கிள் பிஎல்/எஸ்க்யூஎல் புரோகிராமிங்’ புத்தகத்தை ஒருவர் பைபிள் என்கிறாராம், இன்னொருவர் தலைக்கு வைத்துத் தூங்கத்தான் ஆகும் என்கிறாராம். யாரை நம்புவது என்பது கேள்வி.

இரண்டு பேரையும் நம்பலாம். அவர்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது எத்தனை வருட அனுபவத்தில் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நானே இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடையில் ஐந்தாம் பதிப்பை வாங்கினேன். 2009இல் வந்தது, ஆரக்கிளின் 11ஜி என்ற வெளியீடு வந்த காலத்துப் புத்தகம். கடைக்காரர் கனத்தைப் பார்த்து விலை சொன்னார், நான் அதில் பாதியைக் கேட்டேன், கடைசியில் 350 ரூபாய்க்கு முடிந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பென்சிலால் அடிக்கோடு போட்டுத் தள்ளியிருந்தார், ஓரத்தில் சிவப்பு மையில் ‘இம்பார்ட்டன்ட்’ வேறு. எல்லாம் தொண்ணூறாவது பக்கம் வரைதான். அதற்கு மேல் கைபடாத வெள்ளைத்தாள். ஒரு வாசகரின் கருத்து இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கிடைக்காது.

அவர் ஏன் அங்கே நின்றார் என்பது ஒரே வாரத்தில் புரிந்தது. புத்தகம் ஆறு பகுதிகளாகப் போகிறது. டேட்டாபேஸிலிருந்து ஒரு வரிசையை எடுப்பது, இன்சர்ட் செய்வது, மாற்றத்தை நிலையாக்கக் கமிட் போடுவது எல்லாம் நான்காவது பகுதியில்தான் விரிவாக வருகிறது. அதற்கு முன்னால் இஃப், லூப், பிழையைக் கையாளும் எக்ஸெப்ஷன், அப்புறம் ஸ்ட்ரிங், நம்பர், தேதி, ரெக்கார்ட், பல மதிப்புகளைப் பட்டியலாக வைக்கும் கலெக்ஷன். ஒரு மொழியை அடியிலிருந்து கட்டி எழுப்புகிற ஆசிரியருக்கு அது சரியான வரிசை. இரண்டு டேபிளை ஜாயின் செய்யவே தடுமாறுகிற ஆளுக்கு அது தாலாட்டு. மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறித் தரமணியில் இறங்குவதற்குள் இரண்டு பக்கம் தாண்டியதில்லை. நேரக்குறிகளைப் பற்றிய அத்தியாயத்தில் ஒருநாள் கண்ணயர்ந்து வேளச்சேரி வரை போய்விட்டேன். புத்தகத்தை அலமாரியில் வைத்தேன், மூன்று வருடம் தொடவில்லை.

மறுபடி எடுக்க வைத்தது ஒரு கோளாறு. ஒரு வாடிக்கையாளருக்காகத் தவணை நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும் புரொசீஜர், அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு புரோகிராம், எழுதியிருந்தேன். தேடலில் கிடைத்த வரிசைகளை ஒவ்வொன்றாகத் தரும் கர்சரிலிருந்து, மொத்தமாக அள்ளும் பல்க் கலெக்ட் போட்டு, லிமிட் 100 வைத்து, நூறு நூறாக ஒரு கலெக்ஷனில் எடுத்து, மொத்தமாக எழுதும் ஃபார் ஆல் மூலம் வேறொரு டேபிளில் எழுதவேண்டும். சோதனைக்கு 500 வரிசை வைத்து ஓட்டினேன், 500உம் வந்தது. நல்ல பிள்ளையாக டெலிவரி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மாதக் கடைசியில் 12,437 பேருக்குப் போகவேண்டிய செய்தி 12,400 பேருக்கு மட்டும் போயிருந்தது. எந்த எரர் மெசேஜும் இல்லை. நான் இரவு பத்து மணி வரை டேட்டாவைக் குடைந்துகொண்டிருந்தேன். சீனியர் ஒருவர் கிளம்பும்போது மேசை அருகில் நின்றார்.

“எத்தனை விட்டுப்போச்சு?”

“முப்பத்தேழு, மேடம்.”

“லிமிட்?”

“நூறு.”

“அப்போ டேட்டாவைப் பார்க்காதே. எக்ஸிட்டை எந்த வரியில வெச்சிருக்கேன்னு பாரு.”

லூப்பில் வரிசைகளை எடுக்கும் ஃபெட்ச் முடிந்த அடுத்த வரியிலேயே ‘எக்ஸிட் வென் கர்சர்%நாட்ஃபவுண்ட்’, அதாவது கேட்ட அளவு கிடைக்கவில்லை என்றால் லூப்பை விட்டு வெளியேறு, என்று எழுதியிருந்தேன். கேட்டது நூறு, கிடைத்தது 37 என்றால் ஆரக்கிள் அப்போதே %நாட்ஃபவுண்டை உண்மையாக்கிவிடும். கையில் 37 வரிசை இருக்கும்போதே லூப் வெளியேறிவிட்டது. 500 என்பது நூறின் மடங்கு; ஐந்து முறை முழுசாக வந்து, ஆறாவது முறை வெறுங்கையோடு முடிந்ததால் சோதனையில் சிக்கவில்லை. ஐம்பது வரிசை வைத்து ஓட்டியிருந்தால் ஒன்றுகூட எழுதப்பட்டிருக்காது, அன்றே பிடிபட்டிருப்பேன். கலெக்ஷனின் கவுன்ட் பூஜ்யம் ஆனால் வெளியேறு என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

அன்று வீட்டுக்குப் போய் அந்தத் தலையணையை இறக்கினேன். கலெக்ஷன் அத்தியாயம், டேட்டா எடுக்கும் அத்தியாயம், வேகத்தைக் கூட்டும் அத்தியாயம் மூன்றையும் வரிசை மாற்றிப் படித்தேன். முன்பு வளவளவென்று தோன்றிய பத்திகள் ஒவ்வொன்றும் யாரோ எங்கோ பட்ட அடி என்று இப்போது தெரிந்தது. தூக்கம் வரவில்லை.

மற்ற குறைகளையும் பார்த்துவிடுவோம். ‘ரொம்ப அறிவுரை சொல்கிறார்’ என்பார்கள். சொல்கிறார்தான், நடுநடுவே ஜோக்கும் அடிக்கிறார், எல்லாவற்றுக்கும் சிரிப்பு வராது. ஆனால் ‘வென் அதர்ஸ் தென் நல்’ என்று எழுதிப் பிழையைச் சத்தமில்லாமல் விழுங்குகிற புரோகிராமை ஒருமுறை நீங்கள் பராமரித்துப் பாருங்கள், அறிவுரை போதாது என்று தோன்றும். 11ஜியிலிருந்து ஆரக்கிளே இதற்கு ஒரு எச்சரிக்கை தருகிறது, எண் பிஎல்டபிள்யூ-06009. கம்பைலர் எச்சரிக்கைகளை ஆன் செய்து வைத்திருந்தால் காட்டும்; நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் ஆஃபில்தான் இருந்தது.

‘பழசாகிவிட்டது’ என்பது பாதி உண்மை. முதல் பதிப்பு 1995, ஆறாம் பதிப்பு 2014, அது 12சி வரை பேசுகிறது. 21சியில் ஃபார் லூப்புக்கு வந்த புது வசதிகள், 23ஏஐயில் எஸ்க்யூஎல்லுக்கு வந்த, உண்மை அல்லது பொய் என்று மட்டும் வைக்கும் பூலியன் வகை இதெல்லாம் அதில் இருக்காது. அவற்றை ஆரக்கிளின் இலவச ஆவணத்தில் பார்த்துக்கொள்ளலாம். புரொசீஜர்களைத் தொகுத்து வைக்கும் பேக்கேஜ், கர்சர், எக்ஸெப்ஷன் எல்லாம் அடிப்படையில் அப்படியேதான் இருக்கின்றன.

‘இன்டர்வியூவுக்கு உதவாது’ என்பதை நான் மறுக்கமாட்டேன். புரொசீஜருக்கும் ஃபங்ஷனுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு ஆயிரத்துச் சொச்சம் பக்கம் எதற்கு?

ஆகவே உங்கள் நிலையில் இப்போதைக்கு வாங்கவேண்டாம். ஆரக்கிளின் சிறிய பதிப்பான எக்ஸ்இ இலவசமாகக் கிடைக்கிறது. 21சி எக்ஸ்இ என்றால் 12 ஜிபி டேட்டா வரை தாங்கும், கற்க அது தாராளம். பயிற்சிக்கென ஆரக்கிள் தரும் ‘ஹெச்ஆர்’ என்ற டேபிள் தொகுப்பைப் போட்டுக்கொண்டு, அதிலுள்ள 107 ஊழியர்களை வைத்து ஜாயின், குரூப் பை, சப்கொயரி எல்லாம் கை பழகும்வரை எழுதுங்கள். இந்தப் புத்தகம் எஸ்க்யூஎல் சொல்லித் தராது, தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசும். அப்புறம் வேலையில் சேர்ந்து, பிறர் எழுதிய இரண்டாயிரம் வரிப் பேக்கேஜ் ஒன்று உங்கள் தலையில் கட்டப்படும். அந்த வாரம் வாங்குங்கள். பழைய பதிப்பு கிடைத்தாலும் தயங்கவேண்டாம், பேரம் பேசுங்கள்.

என் பிரதியைக் கொடுத்திருப்பேன், இப்போது கையில் இல்லை. டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான் என்று கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறானாம்.