ஒரே மடிப்பு, ஒவ்வொரு முறையும் ஒரு விரிவு

கேள்வி: ஸ்கைடைவிங் பாராசூட்டை ஒரே ஆள் ஒரே மாதிரி மடித்தாலும் ஒருமுறை பூப்போல விரிகிறது, அடுத்த முறை கழுத்து சுளுக்கும்படி உதறுகிறது. இதற்குக் கேயாஸ் தியரிதான் காரணம் என்கிறார்களே?

பதில்: பாதி சரி. தொடக்கத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் முடிவு பெரிதாக மாறிவிடும் என்பதுதான் கேயாஸ் தியரி. முதலில் இயற்பியல். வயிறு கீழ்நோக்கி விழுபவரின் வேகம் நொடிக்குச் சுமார் 54 மீட்டர். விரிந்தபின் 6 மீட்டர் என்று வையுங்கள். இந்த 48 மீட்டர் வேகத்தை 4 நொடியில் இழந்தால் உடம்பு உணர்வது சராசரியாக 2.2 ஜி, அதாவது தன் எடையைப் போல் 2.2 மடங்கு. அரை நொடியில் இழந்தால் ஏறக்குறைய 11 ஜி. பாராசூட்டோடு சேர்த்து 90 கிலோ எடையுள்ள ஒருவரை அப்போது வார்கள் ஒரு டன் பாரத்துக்கு இழுக்கும். இது சராசரிதான், உச்சம் இன்னும் மேலே.

அந்த 4 நொடியைச் சம்பாதித்துத் தருவது ஸ்லைடர்: நான்கு மூலையிலும் வளையம் வைத்த செவ்வகத் துணி. கயிறுகள் வளையங்கள் வழியே போகின்றன. காற்று அதை மேலே தள்ளுகிறது. விரியத் துடிக்கும் குடை கீழே தள்ளுகிறது. வேகம் குறையக் குறையக் குடை ஜெயிக்கிறது. குடை பல துணி அறைகளால் ஆனது. முதல் நொடியில் எந்த அறைக்குள் காற்று முதலில் நுழையும் என்பதைத் துணியின் சின்னச் சுருக்கம்கூட மாற்றிவிடும். 1961-இல் வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லாரன்ஸ் தன் வானிலைக் கணக்கில் 0.506127-க்குப் பதில் 0.506 என்று கொடுத்ததும் விடை எங்கோ போய்விட்டதே, அதே ஜாதி. ஆனால் வானிலை எங்கும் நிலைத்து நிற்பதில்லை; குடையோ எப்படிப் புறப்பட்டாலும் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கிறது. மாறுவது வழியும் நேரமும்தான். அதனால், பலத்த உதறலுக்கெல்லாம் கேயாஸைக் கைகாட்டுவது சோம்பேறித்தனம்.

கேள்வி: அப்படியானால் நம் கையில் இருப்பது என்ன?

பதில்: ஸ்லைடர் முதலாவது. நான்கு வளையங்களும் மேலே குடையை ஒட்டிய தடுப்பில் முட்டியிருக்க வேண்டும். பைக்குள் திணிக்கும்போது நழுவாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது கயிறுகளை மடிமடியாகக் கட்டிவைக்கும் ரப்பர் பேண்ட். பழசாகித் தளர்ந்தால் கயிறுகள் கொத்தாகக் கொட்டிவிடும்; அவை இறுகும் முன்பே பை திறந்து குடை வெளியே வந்துவிடும். அந்த இடைவெளியில் பிடிமானம் இல்லாத ஸ்லைடர் இறங்கிவிட, குடை முழு வேகத்தில் படாரென விரியும். ஆபத்தான உதறல்களில் இது முக்கியமான வகை. ரப்பர் பேண்டுக்கு வெளியே கயிற்று மடியை 5 செ.மீ. அளவில் விட்டு இறுக்கமாகக் கட்டுங்கள்.

வேகத்தையும் மறக்காதீர்கள். இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: தலைகீழாக மணிக்கு 240 கி.மீ.-இல் வந்து, வேகத்தைக் குறைக்காமல் திறந்தால் 190-இல் திறப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். தோள்கள் சமமாக இருக்கட்டும். ஒன்று தாழ்ந்தால் ஒரு பக்கக் கயிறுகள் முதலில் இறுகி, குடை திரும்பிக்கொண்டே விரியும். ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழைக் கயிறுகள் ஸ்லைடர் உரசும் சூட்டில் சுருங்கும், ஓரத்துக் கயிறுகள்தான் அதிகம். ரிக்கரிடம் (பாராசூட் பழுது பார்ப்பவரிடம்) கொடுத்து நீளத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: குடையின் மூக்கை, அதாவது காற்று நுழையும் முன்விளிம்பை, சுருட்டி வைத்தால் மெதுவாக விரியுமா?

பதில்: சில குடைகளில் விரியும். கையேடு சொல்லும் அளவுக்கு மேல் வேண்டாம். ஸ்லைடர் இறங்கிக் கிடந்தால் எத்தனை சுற்று சுருட்டினாலும் வீண்.