அப்பாவிடம் என் வாக்கை எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 27. பக்கத்துப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி எங்களை ஆளாக்கியவர். 22 வருடம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தார். வேலையில் இருந்து நின்றுவிட்ட பிறகும், சம்பளத்தில் குறை என்றால் இன்றும் எங்கள் வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில்தான் வந்து உட்காருகிறார்கள்.

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அப்பா, அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலுக்கு வாக்களித்தார். 2022 இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசை அவரால்தான் ஒழிந்தது என்பது அப்பாவின் பேச்சு. கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சஜித் என்றான். நான் தேசிய மக்கள் சக்தியின் அநுரவுக்குப் போட்டேன். அந்த வரிசை நாட்களில் காலைச் சாப்பாடு இல்லாமல் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்கவில்லை. நாட்டை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களின் வட்டத்துக்கு வெளியே ஒருவர் வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஊரடங்கு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எங்கள் வீட்டில் முடிவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். “டீச்சர் யாருக்கு?” என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். “நம்மை இந்தியாவின் ஆட்கள் என்று வகுப்பு நடத்திய கட்சி அது, தெரியுமா உனக்கு?” என்றார் அப்பா. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, “இத்தனை வருடம் சங்கத்துக்குச் சந்தா கட்டி என்ன கண்டீர்கள் அப்பா? இன்னும் இதே லயம்தானே?” என்று கேட்டுவிட்டேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று தொடங்கி எதுவானாலும் அம்மா வழியாகத்தான் பேச்சு. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த வேட்டி மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், “தலைவர் வீட்டுப் பிள்ளையே மாறிவிட்டதாம்” என்கிறார்கள். நவம்பர் 14 இல் பாராளுமன்றத் தேர்தல் வேறு வருகிறது. என் முடிவுக்கான காரணங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், மொத்தம் 11. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டலாமா? என் பக்கம் நியாயம் இருப்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

— ஒரு மகள்

அன்புள்ள மகளுக்கு,

அந்தக் கொப்பியை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதில் எழுதியது தவறு என்பதற்காகச் சொல்லவில்லை. வரிசை நாட்களையும் வகுப்புப் பிள்ளைகளையும் பற்றி எனக்கு எழுதினீர்களே, அதுவே போதுமான காரணம். அதை அப்பாவிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா? உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று அவர் காதில் விழுந்தது உங்கள் காரணம் அல்ல, சந்தாவைப் பற்றிய கேள்விதான். அதுவும் அவரைத் தலைவர் என்று அழைக்கும் ஆட்களின் முன்னால். 22 வருடம் மற்றவர்களின் குறையைச் சுமந்து தோட்ட அலுவலகத்துக்கு நடந்தவரிடம், அந்த நடையே வீண் என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. தம்பியின் சஜித் வாக்கு அவரைச் சுடவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்பியும் அவர் சொல்லைக் கேட்காதவன்தான்.

அப்பாவின் கேள்வியையும் தட்டிவிட முடியாது. 1971 கிளர்ச்சிக்கு முன், இன்று அநுரவின் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. தோட்டத் தொழிலாளர்களை அந்த விஸ்தரிப்பின் கருவியாக அது பார்த்தது. 2023 ஒக்டோபரில், அதே கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி உங்கள் ஹட்டனிலேயே மலையக மக்களுக்கான பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. நீங்கள் பார்த்தது இந்த முகம். அப்பா முதலில் கேட்டது அந்தக் குரல். இரண்டுமே நடந்தவைதான்.

இன்னொன்று. 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது, அதன் பின்னால் வாக்கும் போனது. பறிபோனதில் மிச்சம் இருந்தவர்களுக்கு அது திரும்பி வந்து சேர 2003 வரை ஆயிற்று. உங்களுக்கு 18 வயதில் தானாகக் கிடைத்த வாக்கு அப்பாவுக்கு எந்த வயதில் கிடைத்தது? முதல் வாக்கை எங்கே, யாரோடு போய்ப் போட்டார்? பிரசாவுரிமைப் பத்திரம் இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது? இவற்றுக்கு உங்களுக்கே பதில் தெரியாவிட்டால், கொப்பியை எடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

ஆனால் 14 ஆம் திகதி கழியட்டும். அதற்கு முன் என்ன பேசினாலும் வாக்குக் கேட்பதாகவே அவருக்குப் படும். பிறகு, வீட்டில் வேறு யாரும் இல்லாத ஒரு சாயங்காலம், தேநீரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். “அன்றைக்குச் சந்தாவைப் பற்றிக் கேட்டது தப்பு அப்பா” என்று சொல்லுங்கள். அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், வாக்குக்குக் கேட்க வேண்டாம். நீங்கள் கேட்கவும் கூடாது, அவர் எதிர்பார்க்கவும் கூடாது. “ஆனால்” என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடாதீர்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், இன்னொரு நாள் இருக்கிறது.

என்றாவது அவரே “ஏன் அப்படிப் போட்டாய்?” என்று கேட்பார். அப்போது பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள். “நான் பார்த்தது இது, அதனால் இப்படிப் போட்டேன்” என்பதோடு நிறுத்துங்கள். ரணிலைப் பற்றியோ சங்கத்தைப் பற்றியோ அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், அதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது.

பீலிக்கரையில் கேட்பவர்களுக்கு நீங்கள் எந்த விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை. இரகசிய வாக்கு என்று சட்டமே உங்களுக்கு ஒரு கதவு வைத்திருக்கிறது, அதைச் சாத்திக்கொள்ளலாம். அப்பா அந்தக் கணக்கில் சேராதவர்.

அம்மாவைத் தூது அனுப்புவதை இன்றோடு விட்டுவிடுங்கள், பாவம் அவர். மார்கழி பிறந்த பிறகும் அப்பா உங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை என்றால் மறுபடியும் எழுதுங்கள். அம்மாவையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம்.

— ஆலோசகர்