கொள்கை போனது, கேஸ் ஷீட் நிற்கிறது

கேள்வி: பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸை ‘மருத்துவத்தின் தந்தை’ என்கிறார்கள். உடலில் நான்கு திரவங்கள் என்ற அந்தக் காலக் கொள்கையோ பொய்யாகிவிட்டது. அப்புறம் எதற்கு இந்தப் பட்டம், டாக்டர்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவற்றின் சமநிலை கெட்டால் நோய் என்பது அந்தக் கொள்கை. இந்த நான்கும் ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. பின்னால் வந்த கேலன் என்ற மருத்துவர் அதைப் பிடித்து வளர்த்துவிட, 19-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் காய்ச்சல்காரனின் ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால், ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் (பலர் எழுதியவை அவை) ‘எபிடெமிக்ஸ்’ என்று ஒன்று உண்டு. அதன் முதல், மூன்றாம் புத்தகங்களில் 42 நோயாளிகளின் குறிப்புகள் இருக்கின்றன. முதல் ஆள் பிலிஸ்கஸ், மதிலோரம் குடியிருந்தவன். கடும் காய்ச்சலில் படுத்தான். மூன்றாம் நாள் மத்தியானம் வரை காய்ச்சல் விட்டமாதிரி இருந்தது, சாயங்காலம் திரும்பிவிட்டது. நாக்கு வறண்டது, சிறுநீர் கறுத்தது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, புத்தி தடுமாறியது. ஐந்தாம் நாள் மூக்கில் கொஞ்சம் ரத்தம். ஆறாம் நாள் நடுப்பகலில் போய்விட்டான். கடைசியில் இப்படி ஒரு குறிப்பு: மூச்சுவிட வேண்டும் என்று அவ்வப்போது நினைவு வந்து மூச்சிழுப்பவனைப்போல, அவன் மூச்சு விட்டுவிட்டும் பெரிதாகவும் இருந்தது.

டப்ளின் மருத்துவர்கள் செய்ன் 1818-லும் ஸ்டோக்ஸ் 1854-லும் விவரித்த மூச்சு இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். அதே செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சை இன்று ஐசியுவில் பார்க்கிறோம். கொள்கையை நம்பி எழுதியிருந்தால் இது கிடைத்திருக்காது. கட்டிலருகே உட்கார்ந்து பார்த்ததால் கிடைத்தது.

இன்னொன்று. அந்த 42 பேரில் 25 பேர் இறந்தவர்கள். அதே கிரேக்க நாட்டில், எபிடாரஸ் ஊரில் மருத்துவக் கடவுள் அஸ்கிளிப்பியஸின் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள்: கோயிலில் படுத்துக் குணமானவர்கள் கதைதான் வரிசையாக. தோற்றதை எழுதிவைத்தவர்களைத்தான் நான் மருத்துவர்கள் என்பேன். வார்டில் ரவுண்ட்ஸ் போனபோது, கேஸ் ஷீட்டில் ‘நிலைமை மாற்றமில்லை’ என்று மூன்று நாளும் ஒரே வரி எழுதிய ஹவுஸ் சர்ஜன்களுக்கு பிலிஸ்கஸ் கதையைச் சொல்லித்தான் திட்டுவேன்.

கேள்வி: டாக்டர்கள் எல்லோரும் இன்றும் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழி எடுக்கிறார்களா?
– முதலாண்டு மாணவி, திருச்சி

பதில்: பழைய வாசகத்தை அப்படியே எடுப்பவர்கள் அரிது. அது அப்பல்லோ, அஸ்கிளிப்பியஸ் என்ற கிரேக்க தெய்வங்கள் மேல் சத்தியம் செய்வதில் தொடங்குகிறது. கல்லடைப்புக்குக் கத்தி வைக்கமாட்டேன் என்றும் அதில் வரும். சிறுநீரக அறுவை செய்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்! உலக மருத்துவச் சங்கம் 1948-ல் ஜெனீவாவில் ஏற்ற உறுதிமொழி வேறு. நம் ஊரில் 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் பண்டைய ஆயுர்வேத மருத்துவர் சரகர் பெயரிலான உறுதிமொழியைப் பரிந்துரைக்க, மதுரையில் மாணவர்கள் அதை எடுத்தது பெரிய சர்ச்சையானது. நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்ற பழைய வரி ஜெனீவா வாசகத்திலும் இருக்கிறது. அதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள், குறிப்பாக வாட்ஸ்அப் குரூப்பில்.