கிருஷ்ணகிரி பக்கம் ஓட்டுவதற்குப் பழைய டீசல் லோடு வண்டி வாங்கினால் என்னென்ன பழுது வரும், எவ்வளவு செலவாகும்?

கையில் நான்கு லட்சம் ரூபாய் இருப்பதாகவும், ஆறேழு ஆண்டு ஓடிய ஒன்றேகால் டன் டீசல் வண்டியை வாங்கி மாங்காயும் தக்காளியும் ஏற்ற எண்ணியிருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு லட்சத்தையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். மூன்று லட்சத்துக்குள் வண்டி பாருங்கள், மீதியைப் பட்டறைக்கென்று ஒதுக்கி வையுங்கள் என்பதே என் பதில். போச்சம்பள்ளி அருகே மா ஒட்டுச்செடி நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் நான், ஏழு ஆண்டு ஓடிய வண்டி ஒன்றை 2021-இல் 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த மூன்று ஆண்டுகளில், டீசலும் காப்பீடும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் செலவும் நீங்கலாக, பழுதுக்கும் தேய்மானத்துக்கும் மட்டும் ஏறத்தாழ 1,17,000 ரூபாய் ஆயிற்று. அதில் சரிபாதி முதல் ஆண்டிலேயே போய்விட்டது. குறை தயாரிப்பில் இல்லை, எனக்கு முன் அதை வைத்திருந்தவர் ஏற்றிய பாரத்தில் இருந்தது என்பதால் வண்டியின் பெயரை இங்கே எழுதவில்லை.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் மீட்டரைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், கிலோமீட்டரைவிட அது எதை, எந்த மேட்டில் சுமந்தது என்பதே முக்கியம். ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். என் வண்டிக்கு அது 1,250 கிலோ. பழைய உரிமையாளர் ராயக்கோட்டை மண்டியிலிருந்து 25 கிலோ தக்காளிப் பெட்டிகள் எழுபதை ஒரே நடையில் ஏற்றியதாகப் பின்னாளில் பேச்சுவாக்கில் ஒப்புக்கொண்டார். அப்படியானால் 1,750 கிலோ. ஒவ்வொரு நடைக்கும் அரை டன் கூடுதல். அந்த அரை டன்னின் விலையை கிளட்ச், பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை, பிரேக், பின் அச்சின் பல்சக்கரமான கிரவுன் என்று தவணை முறையில் கட்டியவன் நான்.

ஆயினும் என்னை அதிகம் அலைக்கழித்தது பாரம் அன்று, தண்ணீர். வாங்கிய ஏழாம் மாதம், மே மாத வெயிலில் மாங்காய் ஏற்றிக்கொண்டு பெங்களூரு நோக்கிப் போகையில், மேலுமலை ஏற்றத்தில் வெப்பமானியின் முள் மேலே ஏறியது. ஒரு வளைவைத் தாண்டி நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் எண்ணியதுதான் தவறு. நிறுத்துவதற்குள் பானெட் இடுக்கில் நீராவி கிளம்பிவிட்டது. கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டபோது, மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரின் அடிக் குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டு எடுத்தார். வெள்ளையும் பழுப்புமாக, தோசைக்கல்லில் ஒட்டிய மாவைப் போல ஒரு படிவு வந்தது. "போர் தண்ணியவே ஊத்தி ஓட்டியிருக்காங்க, கூலன்ட் வாசனையே கிடையாதுங்க" என்றார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. அது மனிதர்களின் பல், எலும்பு பற்றிய கவலை. எஞ்சினுக்குக் கேடு செய்வது அதே ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பு. அது சூட்டில் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. பிறகு எஞ்சின் கொதித்து, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்து, அதன் கீழே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகிறது. ரேடியேட்டரைக் கழற்றி ராடு போட்டுச் சுத்தம் செய்ய 1,500, கேஸ்கட் செட் 4,200, லேத்தில் ஹெட்டை மட்டம் போட 1,800, வாட்டர் பம்ப் 2,400, ஆயிலும் கூலன்ட்டும் 2,600, கூலி 6,000, இழுத்து வந்ததற்கு 2,500 என்று அந்த ஒரு வளைவுக்கு 21,000 ரூபாய் கொடுத்தேன். வாங்கிய அன்றே பழைய நீரை வடித்துக் கூலன்ட் மாற்றியிருந்தால் ஆயிரத்துச் சில்லறையில் முடிந்திருக்கும். வண்டி பார்க்கும்போது, எஞ்சின் ஆறியிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்: நீர் துரு நிறத்தில் இருந்தாலோ மேலே எண்ணெய் மிதந்தாலோ, விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் தொடக்கூடாது.

கிளட்ச் எனக்கு மூன்றாம் மாதமே போயிற்று. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து 6,800, ஃபிளைவீலைச் சமன் செய்ய 600, கூலி 2,000. மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க நேரும். சோதிப்பது எளிது. கை பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டால் எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பிரேக்கைப் பொறுத்தவரை நம் பக்கத்து நிலை வேறு. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்களின் வண்டியில் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்குகிறது. டிரம்மும் லைனிங்கும் தீய்ந்து, லைனிங்கின் முகம் கண்ணாடி போல வழவழப்பாகி, மிதித்தாலும் பிடிக்காமல் போகிறது. எஞ்சினையும் அணைத்துவிட்டால் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கு வாக்குவம் (வெற்றிடம்) கிடைக்காது, பெடல் கல்லாகிவிடும். நான் பின் சக்கரத்தைக் கழற்றியபோது டிரம்மில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன, சூடேறியதன் அடையாளம் அது. லைனிங், முன் பேட், வீல் சிலிண்டர்கள், டிரம் கடைதல், புதிய பிரேக் ஆயில் என்று 8,600 ரூபாய் ஆயிற்று. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பூஸ்டரைச் சோதிக்க, எஞ்சினை அணைத்துப் பெடலை நான்கைந்து முறை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள்; பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும்.

பின் பட்டையில் மெயின் பிளேட் முறிந்ததற்கு இரு பக்கமும் புஷ் உட்பட 9,000. புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ்களுக்கு 4,300. கிரவுன் பக்கம் பினியன் பேரிங் இரைந்ததற்கு 11,500. டயர் நான்குக்கு 22,000. வாங்கிய மாதமே பேட்டரி, ஆயில், பில்டர்களுக்கு 10,300. இவை எல்லாப் பழைய வண்டிக்கும் வருபவைதாம். ஆனால் பட்டையைப் பார்க்கக் குனியும்போது, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பட்டை மாட்டும் இடத்தையும் கவனியுங்கள். வண்டி முழுக்கப் புழுதியாக இருக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால், அதன் கீழே வெல்டிங் இருக்கும். வெல்டிங் போட்ட சேஸிஸை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் செலவு எனக்கு மூன்றாம் ஆண்டு வந்தது. ஒன்றைப் புதிதாகப் போட்டு மற்றவற்றைச் சர்வீஸ் செய்ய 21,000. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பதும், நின்ற நிலையில் வண்டி உதறுவதும் அதன் முன்னறிவிப்புகள். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும், பி.எஸ். 6 என்னும் புகை விதிப்படி செய்த வண்டியை வாங்குவதாக இருந்தால், புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பும் சென்சார்களும் கூடுதல் என்பதால், ஸ்கேனர் வைத்துள்ள பட்டறை பக்கத்தில் உண்டா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். டாடா ஏஸ், மஹிந்திரா பொலிரோ பிக்கப், ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் போல இங்கே நிறைய ஓடும் வண்டிகளுக்கு உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும். அபூர்வமான மாடலுக்குப் பாகம் வரும்வரை வண்டி நிற்கும், வாடகையும் நிற்கும். எஃப்.சி.யும் நினைவில் இருக்கட்டும்: எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு எஞ்சின் வேலை. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றுவதென்றால் அறுபதாயிரத்துக்குக் குறையாது என்று எங்கள் மெக்கானிக் சொல்கிறார். அந்த நிலை எனக்கு இன்னும் வரவில்லை. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், ரிங் தேய்ந்த எஞ்சின் அந்த வாய் வழியே குப்குப்பென்று புகைவிடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெரும்பாலும் ஏர் பில்டரோ இன்ஜெக்டரோ. சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை என்றால் பெரும்பாலும் மறுபடியும் அந்த ஹெட் கேஸ்கட்.

இந்தச் சோதனையை ஆறிய எஞ்சினில் தொடங்க வேண்டும். சென்ற ஆண்டு தம்பிக்காக ஒரு வண்டி பார்க்கப் போனபோது, விற்பவர் எங்களுக்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். டீசல் போட்டு வந்தேன் என்றார். மெக்கானிக் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார், பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தபோது, வண்டி நான்காம் முறைதான் எழுந்தது. முற்றம் முழுக்க நீலமாக இருந்தது.