மடிப்பாக்கம் யார் கோட்டை?

வணக்கம் சார்,

சென்னை மடிப்பாக்கத்துக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. 2011 வரை இது கிராம ஊராட்சியாக இருந்தது என்பதே வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். ஏரியாவின் பழைய தேர்தல் வரலாற்றைத் தொகுக்கலாம் என்று இறங்கினால், தலைவர் பெயர் கிடைக்கிறது, கட்சி கிடைக்கவில்லை. அப்போது இது யார் கோட்டை?

- ஒரு வாசகர், மடிப்பாக்கம்

தம்பி,

கிடைக்காது. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று தேர்தல் ஆணையம் கொடுக்கிற சின்னத்தில்தான் நிற்க வேண்டும். வேட்பாளர் என்ன கரை வேட்டி கட்டுவார் என்பது டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும், காகிதத்தில் இருக்காது. கட்சி வேண்டுமென்றால் ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் முடிவுகளைத் தேடுங்கள் (அப்போது உங்கள் ஊர் காஞ்சிபுரம் மாவட்டம், புனித தோமையார் மலை ஒன்றியம்). ஆனால் மாவட்ட வார்டு என்பது ஏகப்பட்ட ஊர் சேர்ந்தது, அதை வைத்து மடிப்பாக்கம் இன்னாருடைய கோட்டை என்று எழுதிவிடாதீர்கள்.

ஏனென்றால் ஒரே ஆள் ஒரே நாளில் மாற்றி மாற்றிக் குத்துவார். 2019 டிசம்பரில் திருவள்ளூர் பக்கம் எங்கள் ஊரில் சித்தப்பா தலைவருக்கு நின்றார். ஓட்டு எண்ணிக்கைக்கு நான் சென்னையிலிருந்து ஏஜென்டாகப் போனேன். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை என்று நான்கு சீட்டும் ஒரே பெட்டியில் விழுந்திருக்கும். கொட்டி, மடிப்பு பிரித்து, நிறம் நிறமாக அடுக்கி, ஐம்பது ஐம்பதாகக் கட்டுவதற்குள் மதியமாகிவிட்டது. பச்சையிலும் மஞ்சளிலும் சித்தப்பாவின் கட்சிதான் முன்னால் போனது. இளஞ்சிவப்பில் பதினொரு ஓட்டில் தோற்றார். தெருக்குழாயைத் தன் வீட்டு வாசலுக்கு நேராகப் போட வைத்தார் என்று கீழத்தெருவுக்கே அவர்மேல் கோபம். அவருடைய கட்சிக்காரர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள், என்ன செய்வது!

அப்புறம், ஒவ்வொரு தலைவர் பெயருக்குப் பக்கத்திலும் அந்த முறை பதவி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி எல்லாம் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. பத்து வருஷம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. நின்று ஜெயித்தாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமா. 2006இல்தான் தலைவர்கள் நாற்காலியில் உட்கார முடிந்தது. மேலவளவில் தலைவர் முருகேசனை 1997இல் வெட்டியே கொன்றார்கள். வெறும் ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்தால் இதெல்லாம் எங்கே தெரியும்?

உங்கள் ஊர்க் கதை 2011இல் திரும்புகிறது. சென்னை மாநகராட்சியோடு சேர்த்த 25 ஊராட்சிகளில் மடிப்பாக்கமும் ஒன்று, அந்த அக்டோபரிலேயே இயந்திரத்தில் கட்சிச் சின்னத்தைத் தேடி அழுத்த ஆரம்பித்துவிட்டார்கள். 2016இலிருந்து 2022 வரை கவுன்சிலரே கிடையாது. கடைசியில் தேர்தல் வந்தபோது சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் 2019இல் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள், என்னைப் போல பஸ் பிடித்துப் போனவர்களையும் சேர்த்து.

ஆக, கோட்டைக் கணக்கை 2011 அக்டோபரிலிருந்து போடுங்கள். அதற்கு முந்தையதற்கு உங்கள் வீட்டுக்காரரைப் பிடியுங்கள். 2006இல் தலைவருக்கு எந்தச் சின்னத்தில் குத்தினார், ஏன் குத்தினார் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கும் அனுப்புங்கள்.