பழைய எஞ்சினுக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா? வாசகர் கேள்வி – பதில்

என்னிடம் 2001 மாடல் ஜிப்ஸி கிங், எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் வண்டி இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஆட்களும் சாமானும் ஏற்றிக்கொண்டு போனால் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்குகிறது. டர்போ போடச் சொல்கிறார் ஒருவர், சூப்பர்சார்ஜர் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– பொள்ளாச்சி வாசகர்

இரண்டுமே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளும் கருவிகள். உங்கள் பாதைக்குச் சூப்பர்சார்ஜர்தான் பொருந்தும், அதுவும் சிறியது. ஜிப்ஸியின் 1,298 சி.சி., 16 வால்வு எஞ்சின் 80 குதிரைத்திறனை 6,000 ஆர்.பி.எம்.மில்தான் கொடுக்கிறது. இழுவையின் உச்சமும் 4,500ஐ ஒட்டித்தான் வருகிறது. அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் வளைந்து வெளியே வரும்போது எஞ்சின் 1,500 முதல் 2,000க்குள் நிற்கும். டர்போவைச் சுற்றுவது புகைவாயு. இவ்வளவு சிறிய எஞ்சின் அந்த வேகத்தில் தள்ளும் வாயு போதாது. பெரும்பாலான டர்போக்கள் அதற்கும் மேலேதான் விழிக்கும். அதற்குள் நீங்கள் கியரை இறக்கியிருப்பீர்கள். சூப்பர்சார்ஜர் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட்டில் ஓடுவதால் மிதித்த உடனே அழுத்தம் வந்துவிடும்.

இதற்கு விலை உண்டு. 0.4 பார் பூஸ்ட்டில் (பூஸ்ட் என்பது வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்; 1 பார் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) 6,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டும்போது ரூட்ஸ் வகை (இரண்டு உருளிகள் சுழன்று காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜர் கிராங்கிலிருந்து ஏறத்தாழ 6 குதிரைத்திறனைத் தனக்காக எடுத்துக்கொள்ளும். சூட்டிலும் அது மோசம். 35 டிகிரி வெயிலில் 0.4 பார் அழுத்தினால் நல்ல டர்போவிலிருந்து காற்று 80 டிகிரியை ஒட்டி வரும். ரூட்ஸில் 95ஐத் தாண்டும். சூடான காற்று விரிந்திருப்பதால் அழுத்தம் 40 விழுக்காடு கூடினாலும் உள்ளே போகும் காற்று டர்போவில் 22 விழுக்காடு, ரூட்ஸில் 16 அல்லது 17 விழுக்காடுதான் கூடும். இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் இரண்டிலுமே 30ஐத் தாண்டும். அதனால் எதைப் போட்டாலும் இன்டர்கூலரை விட்டுவிடாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு சுற்றுக்கு 500 சி.சி. காற்றைத் தள்ளும் ஐசின் ஏ.எம்.ஆர். 500 இந்த எஞ்சினுக்கு நல்ல பொருத்தம். கிராங்க் ஒரு முறை சுற்றும்போது அது ஏறத்தாழ ஒன்றரை முறை சுற்றினால் 0.4 பார் பக்கம் வரும். கிராங்க் புல்லி 130 மி.மீ. என்றால் சூப்பர்சார்ஜர் புல்லி 88 மி.மீ. பழைய மினி கூப்பர் எஸ்ஸில் வந்த ஈட்டன் எம்45 ஒரு சுற்றுக்கு 737 சி.சி. தள்ளும். அதற்கு ஒன்றுக்கு ஒன்றே போதும், ஆனால் ஜிப்ஸி பானெட்டுக்குள் இடம் பிடிப்பது கடினம்.

பட்டறைகளில் பெரும்பாலும் தவறுவது பிராக்கெட்டில். 5 மி.மீ. தகட்டில் செய்தால் வளைந்து பெல்ட் உதிரும். 10 அல்லது 12 மி.மீ. பிளேட்டில் செய்து, பிளாக்கில் குறைந்தது மூன்று இடங்களில் பிடிக்க வேண்டும். புல்லிகள் ஒரே கோட்டில், 1 மி.மீ.க்கு மேல் விலகாமல் நிற்க வேண்டும். பழைய வி-பெல்ட் வழுக்கும். 5 அல்லது 6 வரி உள்ள ரிப் பெல்ட்டுக்கு மாறி, டென்ஷனரைப் பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தில் வையுங்கள். பூஸ்ட் தேவைப்படாதபோது காற்றைச் சுற்றிவிடும் பைபாஸ் வால்வும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் சமவெளியில் மெதுவாகப் போகும்போதும் சூப்பர்சார்ஜர் காற்றை வீணாகப் பிசைந்து சூடாக்கிக்கொண்டே இருக்கும், மைலேஜும் விழும்.

அதே எஞ்சின் உள்ள எஸ்டீம் என்னுடையது. சேலம் – சென்னை நான்கு வழிச்சாலையில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. பழைய டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?
– ஆத்தூர் வாசகர்

நெடுஞ்சாலைக்கு டர்போ சரியான தேர்வு. ஆனால் டீசல் டர்போ வேண்டாம். டீசலின் புகைவாயு முழு லோடிலும் பெட்ரோல் அளவுக்குச் சுடாது. முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் எஞ்சினின் வாயு 900 டிகிரியைத் தாண்டும். டீசலுக்கென்று வார்த்த டர்பைன் ஹவுசிங் அந்தச் சூட்டில் விரிசல் விடும். மாறும் இறக்கைகள் கொண்ட வகையாக இருந்தால் இறக்கைகள் வளையத்தோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்போது பூஸ்ட் கட்டுப்பாடின்றி ஏறும் அல்லது வரவே வராது. 660 சி.சி. முதல் 1,300 சி.சி. வரையிலான பெட்ரோல் காருக்கென்று செய்த சிறிய டர்போவைத் தேடுங்கள். வாங்கும்போது ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சற்றே ஆடுவது இயல்பு. இறக்கை ஹவுசிங்கில் உரசினாலோ, முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற அளவு நகர்ந்தாலோ வேண்டாம்.

பொருத்தும்போது முதல் கவனம் எண்ணெயில். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் டி-இணைப்பு வைத்து டர்போவுக்கு எண்ணெய் எடுக்கலாம். திரும்பி வரும் குழாயில்தான் பலர் சறுக்குகிறார்கள். டர்போவுக்குள் போவது அழுத்தத்தில் போகும் எண்ணெய், வெளியே வருவது நுரைத்துப்போய்த் தானாக வடியும் எண்ணெய். வடிகுழாயின் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எங்கும் மேலேறாமல் நேரே இறங்கி, சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இது தவறினால் சைலன்சரில் நீலப் புகை வரும். டர்போ சீல் போய்விட்டது என்று நினைத்து நல்ல டர்போவை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மெல்லிய இரும்புக் குழாயில் செய்யாதீர்கள், வெல்டு ஓரத்தில் வெடிக்கும். வார்ப்பிரும்பு, இல்லாவிட்டால் 3 மி.மீ. சுவருள்ள 304 ஸ்டெயின்லெஸ். டர்போவின் எடை மேனிஃபோல்டில் தொங்காமல் தனியே ஒரு தாங்கு வையுங்கள். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள். வேகமாக ஓட்டிவந்து உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். சூட்டோடு நிறுத்தினால் பேரிங்கில் நிற்கும் எண்ணெய் கரியாகும்.

எஞ்சினைத் திறக்காமல் எவ்வளவு பூஸ்ட் வைக்கலாம்? இப்போதைய பெட்ரோல் தாங்குமா?
– திருச்சி வாசகர்

பூஸ்ட்டுக்கு முன்னால் கம்ப்ரஷன் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பிளக் துளையில் மாட்டிய அழுத்தமானி, மேலே சொன்ன சுசூகி எஞ்சினில் சதுர செ.மீ.க்கு 14 கிலோ காட்ட வேண்டும். 12க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, எந்தக் கருவியையும் பொருத்தாதீர்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ரிங் தேய்ந்த எஞ்சினில் பூஸ்ட் கொடுத்தால் எண்ணெய் எரிந்து, அந்தக் கரியே நாக்கிங்கைத் (கலவை தானாக வெடித்துத் தட்டுவதை) தூண்டி, பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவேயுள்ள பாலம் உடையும்.

எஞ்சின் நன்றாக இருந்து, இன்டர்கூலரும் வைத்தால் 0.4 பார். அதற்கு மேல் கேட்டு எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான். பழைய எஞ்சினைக் கொல்வது அழுத்தம் அல்ல, நாக்கிங். அது வராமல் காப்பது எரிபொருளும், பொறி விழும் டைமிங்கும். பூஸ்ட் வரும் இடத்தில் கலவை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 முதல் 12 பங்கு காற்று என்று செறிவாக இருக்க வேண்டும். டைமிங்கை ஒவ்வொரு 0.07 பாருக்கும் ஒரு டிகிரி, அதாவது 0.4 பாருக்கு ஏறத்தாழ 6 டிகிரி பின்னால் தள்ளித் தொடங்குங்கள். பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.7 மி.மீ.க்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் அழுத்தத்தில் பொறி அணையும்.

கம்பெனி இ.சி.யு.வும் (எஞ்சினை இயக்கும் கணினி) அதன் அழுத்த சென்சாரும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எதையும் அறியாதவை. 2.5 பார் சென்சாரும் டியூன் செய்யக்கூடிய இ.சி.யு.வும் இல்லாமல் வேலையைத் தொடங்கினால், பூஸ்ட் வரும் நேரத்தில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகும்.

பெட்ரோல் இப்போது இ-20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் நாக்கிங்கைத் தள்ளிப்போடும், அது நமக்கு நல்லது. ஆனால் முழுமையாக எரிய வேண்டிய காற்று விகிதம் 14.7இலிருந்து 13.5 அளவுக்கு இறங்குகிறது. அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். மெதுவாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துத் திருத்திக்கொள்ளும். முழு மிதியில் பழைய இ.சி.யு. அதன் பேச்சைக் கேட்பதில்லை, ஆபத்து வருவதும் அங்கேதான். 80 குதிரைத்திறனை 105 பக்கம் கொண்டுபோக, இ-20ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு 230 முதல் 250 சி.சி. கொடுக்கும் இன்ஜெக்டர் நான்கு தேவை. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

எஞ்சினைத் திறக்காமல் கம்ப்ரஷன் விகிதத்தோடு (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது; அது கூடினால் நாக்கிங்கும் கூடும்) மல்லுக்கட்டுவது புதிய பிரச்சினை அல்ல. 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், 10.25 விகித எஞ்சினில் டர்போவோடு கம்பெனியிலிருந்தே இறங்கியது. நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்ட் தானாகக் குறையும். ஓட்டுநர்கள் நிரப்ப மறந்தார்கள். அடுத்த ஆண்டோடு வண்டி நின்றது.

கார்புரேட்டர் அம்பாசிடர், 1489 சி.சி. இதற்கு முடியுமா?
– காரைக்குடி வாசகர்

முடியும். இங்கிலாந்தில் இதே பி-சீரிஸ் எஞ்சினுக்கு ஷோராக் என்ற, சுழலும் தகடுகள் (vane) கொண்ட சூப்பர்சார்ஜர்களை அந்தக் காலத்திலேயே பொருத்தினார்கள். கார்புரேட்டரைச் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வைத்து உறிஞ்ச விடுவதுதான் எளிது. ஆனால் குழாய் முழுக்கப் பெட்ரோல் கலவை இருக்கும் என்பதால், பேக்ஃபயர் அடித்தால் வெளியேற்ற ஒரு பாதுகாப்பு வால்வு வேண்டும், இன்டர்கூலரும் வைக்கக் கூடாது. கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்குகள். 0.3 பாருக்குள் நிறுத்தி 4,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டாமல் ஓட்டினால் கியர் மாற்றும் தொல்லை நிச்சயம் குறையும்.

இணையத்தில் விற்கும் 12 வோல்ட் மின்சார சூப்பர்சார்ஜர்?
– மதுரை வாசகர்

1,300 சி.சி. எஞ்சினுக்கு 0.4 பார் கொடுக்கக் காற்றை அழுத்த மட்டும் 4.5 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 400 ஆம்பியர். சில ஆம்பியரில் ஓடும் அந்த விசிறி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் காற்றுக்குத் தடையாகிவிடும். வாங்காதீர்கள்.

டர்போ, சூப்பர்சார்ஜர் போட்டதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள முடியுமா?
– ஈரோடு வாசகர்

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. திருத்தப்பட்ட சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கோரிக்கையும் சிக்கலாகும். பந்தயத் தளத்திலும் தனியார் நிலத்திலும் ஓட்டும் வண்டிக்குச் செய்யுங்கள். பொதுச்சாலை வண்டி என்றால், இந்த இதழில் எழுதியிருக்கும் ஜிப்ஸி, எஸ்டீம், அம்பாசிடர் வாசகர்கள் மூவரும் வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுங்கள்.

டர்போ போட்ட பிறகு டிப்ஸ்டிக் வழியே எண்ணெய் கக்குகிறது. பிரேக் பெடலும் அவ்வப்போது கல் மாதிரி இறுகுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– நாகர்கோவில் வாசகர்

உண்டு. வண்டியை ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். டர்போ வருமுன் இன்டேக் மேனிஃபோல்டில் எப்போதும் உறிஞ்சல் இருந்தது. பிரேக் பூஸ்டரும் கிராங்க் கேஸ் காற்றை இழுக்கும் பி.சி.வி. வால்வும் அதை நம்பியவை. இப்போது அதே இடத்தில் அழுத்தம் வருகிறது. பழைய பி.சி.வி. வால்வு முழுதாக மூடாமல் அந்த அழுத்தத்தைக் கிராங்க் கேஸுக்குள் விடுகிறது, எண்ணெய் டிப்ஸ்டிக்கில் வெளியேறுகிறது. பிரேக் பூஸ்டர் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வும் கசிந்து, உறிஞ்சலைத் தொலைத்துவிடுகிறது.

இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். புதியதைப் பொருத்தும் முன் வாயால் ஊதிப் பாருங்கள். காற்று ஒரு பக்கம் தாராளமாகப் போய் மறுபக்கம் கொஞ்சம்கூடப் போகக் கூடாது. ராக்கர் கவரிலிருந்து வரும் மூச்சுக்குழாயை ஒரு கேட்ச் கேன் (எண்ணெயைப் பிடித்துவைக்கும் டப்பா) வழியாக டர்போவுக்கு முன்னாலுள்ள குழாயில் சேருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை இரண்டு முறை மிதியுங்கள். அந்த இரண்டு மிதிக்கும் பெடல் மெத்தென்று இறங்கினால் பூஸ்டர் உறிஞ்சலைத் தக்கவைத்திருக்கிறது. முதல் மிதியிலேயே இறுகினால் வால்வு இன்னும் கசிகிறது, அல்லது பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.