கார்டில் பணம் போய்விட்டது, மெஷின் மட்டும் ‘தோல்வி’ என்கிறது. மறுபடி தேய்க்கலாமா?

அவசரப்படாதீர்கள். பல கடைகளில் அந்த மெஷின் ஓடுவது ஒரு சிம் கார்டில்தான். உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டு அனுப்பும் பதில், சிக்னல் இல்லாமல் வழியிலேயே நின்றுவிட்டால் கடைக்காரருக்குத் தோல்வி என்றுதான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை.

பின்னால் வரிசை முறைத்தால் முறைக்கட்டும், முதலில் எஸ்எம்எஸ் பாருங்கள். பணம் கழிந்திருந்தால் தோல்வி ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பில்லுக்கு ரொக்கம் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும் (மாதக் கடைசியில் அதுவே கொடுமை). அதையும் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலேயே. வராவிட்டால் கடையில் சண்டை போடாமல், கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்யுங்கள்.